கன்னிப்பாறை ஜல்லி

மனித குலம் நிலைத்து நிற்கப்போவது கல்லின் மேல்தான் என்று செவ்வாய்க் குடியிருப்பின் சாசனம் முதல் வரியிலேயே முழங்குகிறது. சாசனத் தகடு இப்போது காற்றறைக் கதவு ஆடாமலிருக்க அடியில் முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது.

காலைக் காற்றுப் பங்கீடு வாங்கி வந்ததும் பூங்கோதை வழக்கம்போல விரிசலை அளந்தாள். காற்றுக்கூரையில் நேற்று மூன்று முழம், இன்று மூன்றேகால். அதற்கு நேர் கீழே அவள் மகளின் தொட்டில். மாறிப்போக வேறு அறை கிடையாது. கூரைக்கு வெளியே மூச்சே கிடையாது.

விரிசலைத் தாங்க ஒரு சுவர் வேண்டும், சுவருக்கு ஜல்லி வேண்டும். பழைய கூடங்களை இடித்தெடுத்த ஜல்லி முந்நூறு டன், கழுவிச் சலித்து, கூரைக்குள்ளேயே குவிந்து கிடந்தது. பொறியாளரான பூங்கோதை அதை நசுக்கிச் சோதித்தும் பார்த்துவிட்டாள். சுவரைத் தாங்கும் வலு இருந்தது.

"இடிசல் ஜல்லியா?" குடியிருப்புக் கூட்டத்தில் தலைவர் நல்லபெருமாள் முகத்தைச் சுளித்தார். "எவனெவனோ புழங்கின கல்லும்மா. அதுல சுவர் வெச்சா விளங்குமா? வெளியே நிக்குற கன்னிப்பாறையை உடைப்போம்."

"வெடி வெச்சா கூரை அதிரும் ஐயா. விரிசல் இன்னும் நீளும்."

"அதைத் தாங்கத்தானே சுவரே கட்டறோம்!"

கூட்டம் கைதட்டியது.

தகர்ப்பான் என்னும் வெடி இயந்திரன் வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு வெடிக்கும் பூங்கோதை மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு மேலே பார்த்தாள். நான்கு முழம். ஐந்து. ஒன்பதாவது வெடியில் கூரை மெல்ல விசிலடித்தது. வீட்டில் மூச்சுக்கவசம் ஒன்றுதான். அதைக் குழந்தையின் முகத்தில் கட்டிவிட்டு, தன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு வெடி. கல் போதும் என்றார்கள்.

மூன்றாம் நாள் சுவர் எழுந்தது. விசில் நின்றது. திறப்பு விழாவுக்காகச் சுவரின் முகப்பை அறுத்து மெருகேற்றியிருந்தார்கள்.

"பாத்தியாம்மா? மனுஷன் கை படாத கல்லு!" தலைவர் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் தொட்ட இடத்தைப் பூங்கோதை குனிந்து பார்த்தாள். வெள்ளையாக, வளைவாக, வழவழவென்று ஒரு துண்டு. ஓரத்தில் நீல எழுத்தில் பாதி முத்திரை.

"ஐயா," என்றாள் தணிந்த குரலில், "கையைக் கழுவிடுங்க."

முதலில் வந்து குடியேறியவர்கள் தங்கள் இடிபாடுகளையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டியிருந்தார்கள். எழுபது வருடப் புழுதியும் பனியும் சேர்ந்து அதை இறுக்கின. அதற்குக் கன்னிப்பாறை என்று பெயர் வைத்தவர் நல்லபெருமாள்.

அவர் தொட்டது கழிப்பறைக் கோப்பையின் விளிம்பு.