அப்பா, வாங்கோ

ஜார்ஜ்டவுனில் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குக் காரோட்டிப் பிழைப்பவன் நான். கோட்டை, பழைய கல்லறைத் தோட்டம், போரில் செத்தவர்களுக்கான கடற்கரை நினைவுத்தூண், பொட்டானிக்கல் கார்டன் என்று எல்லாம் காட்டுவேன். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை இன்னும் அழகாகச் சொல்வேன். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். கல்லறையிலோ நினைவுத்தூணிலோ நின்றுகொண்டு யாரையும் "வாங்க, போகலாம்" என்று கூப்பிட மாட்டேன். வாயை மூடிக்கொண்டு காரை நோக்கி நடப்பேன். சாவு வீட்டில் நாம் சொல்லிக்கொண்டா கிளம்புகிறோம்?

இதைக் கேட்டால் என் மனைவி பிரேமா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இப்போது சிரிப்பதில்லை.

ஒரு நாள் சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பெண்களை ஏற்றினேன். காரைப் பதிவு செய்தவள் பிரியந்தி, நாற்பது வயதிருக்கும். அவளுடன் வந்தவர் அவளுக்கு மாமி முறை, பெயர் செல்வநாயகி. எண்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத பருத்திப் புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள். பேச்சும் அப்படியேதான் இருந்தது.

தீவுக்குப் போகும் கடற்பாலத்தில் அவரே கதையைச் சொன்னார். அவருடைய அப்பா சுங்கை பாக்காப்பில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் தண்டவாளம் போடத் தோட்டத்துச் சனங்களைப் பிடித்துக்கொண்டு போனபோது அவரையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். செல்வநாயகி அப்போது அம்மாவின் வயிற்றில். போனவர் திரும்பவில்லை. அம்மா கடைசிவரை பொட்டை அழிக்காமல் காத்திருந்து செத்துப்போனார். அதனால் அப்பாவுக்கு ஒரு காரியமும் நடக்கவில்லை, ஒரு பிடி சோறுகூடப் படைக்கவில்லை.

"எனக்கு நெஞ்சில வருத்தம். கனநாள் இல்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவருக்கு ஒருநேரச் சோறு போட்டு வழியனுப்பாம நான் போகேலாது தம்பி. சயாமுக்குப் போக உடம்பில தெம்பில்லை. அதான் இங்க இருக்கிற தூணடியில நிண்டு கூப்பிடப் போறன்."

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன். "அம்மா, கும்பிட்டுட்டு மட்டும் வந்தா போதாதா? கூப்பிட வேணாம்லா."

"கூப்பிடாம எப்பிடித் தம்பி வருவார்?"



கோட்டையைச் சுற்றிவிட்டு நினைவுத்தூணுக்கு வந்தோம். உச்சி வெயில். எதிரே கடல் அசையாமல் கிடந்தது. கல்லில் செதுக்கியதையெல்லாம் பிரியந்தி படித்துக் காட்டினாள். தோட்டத்திலிருந்து போனவர்கள் பெயர் ஒன்றும் அதில் இல்லை. கிழவி மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டு, குழந்தையைப் போல இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அப்பா, வாங்கோ. வீட்டை போவம்."

காற்று நின்றது. பக்கத்து உணவுக்கடையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சட்டிச் சத்தமும் நின்றது.

நான் வேகமாக நடந்துபோய்க் கார்க்கதவைத் திறந்தேன். பிரியந்தி முன்னால் ஏறினாள். கிழவி பின்னால் ஏறி, ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் போனேன்.

கார் ஒரு பக்கமாக அமுங்கியது.

யாரும் ஏறவில்லை. ஆனாலும் அமுங்கியது.

பிறகு இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். யார் யாருக்கோ கதவு திறந்துவிடும் ஆள் மாதிரி. நனைந்த சாக்கு வாடையும், அழுகிய புண்ணின் வாடையும் என் முகத்தை உரசிக்கொண்டு உள்ளே போயின.

காரைக் கிளப்பியதும் பெல்ட் மணி கத்தியது. புதுக் கார், ஏழு பேர் உட்காரலாம். பின்னால் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் விடாமல் கத்தும். காலி இருக்கைகளின் பெல்ட்டுகளை நானே மாட்டினேன். கடைசி வரிசையிலும் மாட்டிய பிறகுதான் அடங்கியது.

"சென்சார் கோளாறு" என்றேன்.  பிரியந்தி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். கிழவியின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

கிழவியின் அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் பொட்டானிக்கல் கார்டனில் எடுத்த போட்டோவில்தான் அவர் அப்பாவின் முகத்தையே பார்த்திருக்கிறார். கூட வந்திருக்கும் அப்பாவுக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டுமாம். போனோம். அங்கே குரங்குகளின் அட்டகாசம் ஊருக்கே தெரியும். கார் நின்றால் கூரைமேல் குதிக்கும். அன்று என் காரைப் பார்த்ததும் அத்தனையும் மரத்தில் ஏறிக்கொண்டன. ஒரு தாய்க்குரங்கு குட்டியை இறுக்கிப் பிடித்தபடி எங்களையே பார்த்தது. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

அந்த நேரத்தில் என் மகள் அபிராமி போன் செய்தாள். பத்து வயது. பிரேமா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் நாட்களில் பள்ளி விட்டு வந்து வீட்டில் தனியாக இருப்பாள். என் உயிரை வாங்குவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. கார் ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று வந்தது.

"அப்பா! எப்ப வருவீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"வரேம்மா" என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"சரிப்பா" என்று அபி போனை வைத்துவிட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். கிழவி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கடைசி வரிசையில், நான் மாட்டிய பெல்ட் யாருடைய நெஞ்சின் மீதோ கிடப்பதுபோல வளைந்து, ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பாலத்து ஏற்றத்தில் கார் முக்கி முனகியது. மூன்று பேருக்கு அது அப்படி முனகாது.

வீட்டு வாசலில் கிழவி இறங்கி நின்றார். "இறங்குங்கோ அப்பா."

கார் கொஞ்சம் நிமிர்ந்தது. பெல்ட் ஒன்று கழன்று விழும் சத்தம் கேட்டது. மறுபடி நிமிர்ந்தது. மறுபடியும்.

பிரியந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எத்தினை பேர்?"

அங்கிருந்து ஓடியிருக்க வேண்டும். நடுங்கும் பெண்ணை எப்படி விட்டுவிட்டுப் போவது?

உள்ளே ஒரே ஒரு இலை போட்டிருந்தது. சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மீன். கிழவி இலைக்கு முன்னால் நின்று மெல்லக் கூப்பிட்டார்.

"அப்பா?"

"என்னம்மா." கதவருகில்.

"என்ன தாயி." மாடிப்படிக்குக் கீழே.

"என்ன புள்ள." ஜன்னலோரம், இருமலோடு.

"சொல்லு கண்ணு." என் தோளுக்குப் பக்கத்தில்.

ஒன்றும் யாழ்ப்பாணக் குரல் இல்லை. எல்லாம் தோட்டத்துக் குரல்கள்.

"மாமி" என்று அழுதாள் பிரியந்தி. "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. அப்பா எண்டா எல்லாரும்தானே வருவினம்."

நம் வீடுகளில் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளை உண்டா? பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகாத பேரைக் கிழவி அன்றுதான் கூப்பிட்டார்.

"விஸ்வலிங்கம்."

மழைச் சத்தம்.

"விஸ்வலிங்கம்... நான் செல்வம். உங்கட மகள்."

யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பயத்தை மீறி அழுகை வந்தது. எண்பது வருஷம் காத்திருந்து, ஊரில் உள்ள அப்பாக்கள் எல்லாரும் வந்தும், தன் அப்பா வரவில்லை. கிழவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிரியந்தி, இன்னும் அரிசி போடு. வந்தவையைப் பசியோட அனுப்பக் கூடாது. அவையின்ர பிள்ளையள் கூப்பிடேல்லைப் போல."

இலை போதவில்லை. தட்டு, கிண்ணம் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் சோறு வைத்தோம். கிழவி ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றார். திரும்பி வரச் சொல்லவில்லை. வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மழையின் மணம் மட்டும் மிஞ்சியது.

அப்பாடா என்று காருக்கு வந்தேன். பெல்ட்டுகள் எல்லாம் கழன்று கிடந்தன, கடைசி வரிசையில் ஒன்றைத் தவிர.

அது மாட்டியபடியே இருந்தது.

தொட எனக்குத் தைரியமில்லை. கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டு ஜெலுத்தோங்கில் என் வீடு வரை ஓட்டினேன். அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்தி இறங்கியதும் திரும்பிப் பார்த்தேன். பெல்ட் கழன்றிருந்தது.

நினைவு வந்தது. வரேம்மா.

லிப்ட்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினேன். கிரில் கதவு பூட்டியிருந்தது. கொத்தில் சாவியைத் தேடினேன். உள்ளே அடுப்படியில் தட்டு வைக்கும் சத்தம்.

"அப்பா, வந்துட்டீங்களா? சோறு போடவா?"

"போடு கண்ணு" என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல்.

கிரில்லைத் திறந்து உள்ளே விழுந்தேன். அபி கரண்டியுடன் நின்றாள். மேசையருகே நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

அபி இப்போது என்னை "சந்திரசேகரன்" என்றுதான் கூப்பிடுகிறாள். பிரேமாவின் ஏற்பாடு. பக்கத்து வீட்டு ஷாருல் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். செல்வநாயகி அம்மாவிடம் போய் அழுதேன். "சாப்பாடு போட்டு, பேர் சொல்லி அனுப்புங்கோ தம்பி" என்றார். சாப்பாடு போடுகிறோம். பேர் யாருக்குத் தெரியும்?

போன வாரம் அபிக்குக் காய்ச்சல். மத்தியானம் மருந்தும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தேன். கண் மூடியிருந்தவள், தூக்கத்தில் தன்னை மறந்து முனகினாள்.

"அப்பா..."

நான் வாசலில்தான் நின்றேன்.

அவள் தலைமாட்டில் மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது.