ஒழுகாத வண்டி

வண்டிக்குள் தரை ஈரமாக இருந்தது.

காரைக்காலில் மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் வெயிலில் கொல்லைச் செம்பருத்தியே கருகிப் போயிருந்தது. கிணற்றடி வாளியில் மிச்சம் வைத்த தண்ணீர் மத்தியானத்துக்குள் சுண்டிவிடும். அப்படிப்பட்ட நாளில், புத்தம் புதிதாகச் செய்து நிறுத்தியிருந்த வண்டிக்குள், கட்டிலின் கால்மாட்டில், ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஓகுஸ்தேன் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

அவருக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தின் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் லாரிக்கும் ஜீப்புக்கும் வைத்தியம் பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய மனிதர். ஒழுகும் எதையும் அவர் சும்மா விட்டதில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஏற்கெனவே பிரெஞ்சில் குறித்திருந்த பதினொரு குறைகளுக்குக் கீழே பன்னிரண்டாவதாகத் தரையையும் எழுதினார். எழுதும்போதே பென்சில் முனை ஒடிந்தது. அதற்கும் வண்டியைச் செய்த தங்கப்பனைத்தான் திட்டினார்.

பிரான்சில் கடற்கரை ஊர்களுக்குக் குடும்பம் குடும்பமாக, காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு வருவதை அவர் பார்த்திருக்கிறார். அங்கே அதற்குக் கரவான் என்று பெயர். இங்கே தெருவில் வைத்த பெயர் வண்டிவீடு. கிழவனுக்கு வந்த ஆசையைப் பார் என்று சிரித்தவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. போன வருடம் அவருடைய மனைவி ஜோசெஃபினுக்கு வாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. பிழைத்தால் வேளாங்கண்ணியில் கொடியேற்றத்திலிருந்து திருநாள் வரைக்கும் மாதா காலடியிலேயே இருப்பதாக நேர்ந்துகொண்டாள். மணலில் படுத்து எழ அவளால் முடியாது. இதயமும் பலவீனம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. "இந்த வருஷம் போவலன்னா அப்பறம் நான் எங்கங்க போவப்போறேன்?" என்று ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. கொடியேற்றத்துக்கு இன்னும் ஆறே நாள்.

தங்கப்பன் லாரிக்கு பாடி கட்டுகிறவன். பலகை மட்டும் ஓகுஸ்தேன் பிடிவாதமாகத் தேடிப் பிடித்தது. பட்டினச்சேரிக் கரையில் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. முந்தின வருடப் புயலில் நாலு பேரோடு போய், தனியாகத் திரும்பி வந்த வள்ளம். உப்புத் தண்ணீரில் ஊறி இரும்பு மாதிரி இறுகிய பலகை. இதைவிட்டு வேறு பலகை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. கரையில் இருந்த மீனவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடிப்பலகையில் ஒரு கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. பாறை கிழித்த ஓட்டை அல்ல, ஆசாரி கை வைத்த மாதிரி வட்டமான ஓட்டை.

"இத அடைக்கக் கூடாது முசே" என்றான் தங்கப்பன், பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்கு ஊர் தரும் மரியாதையோடு. "ஆளக் குடுத்துட்டு வர்ற வள்ளத்துக்கு அடியில ஒரு ஓட்டை போட்டுத்தான் அவங்க கரையில விடுவாங்க. உள்ள தண்ணி தங்கக் கூடாதாம்."

"தங்குனா?"

"அத அவங்க சொல்லல. நானும் கேட்டுக்கல."

"ஓட்டையோட தரை போடுற ஆசாரிய இங்கதான் பாக்குறேன் தங்கப்பா!"

தங்கப்பன் சிரிக்கவில்லை. ஓட்டையைத் திறந்தே விட்டுவிட்டு வேலையை முடித்தான். அப்புறம் அம்பகரத்தூரில் மச்சான் வீட்டுக்குப் போனவன், மூன்று தடவை ஆள் சொல்லி அனுப்பியும் வரவில்லை.

ஆகவே குறைகளை எல்லாம் ஓகுஸ்தேன் தாமே ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார்ந்தார். முதலில் கதவு. வெளிப்பக்கம் திறக்கும் கதவு. தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் மத்தியானத்தில் தானாகப் படாரென்று திறந்துகொண்டு சுவரில் மோதியது. கீலைக் கழற்றி, உள்பக்கம் திறக்கும்படி மாற்றிவைத்தார், அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் மறுநாள் ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. பஸ்ஸுக்குப் போடும் தடித்த கண்ணாடியும் ரப்பரும் வாங்கி வந்து பொருத்தினார், மிச்ச ரப்பரைக் கதவு விளிம்பிலும் ஒட்டினார். அதற்கு அடுத்த நாள் பின்பக்கத் தகரத்தின் மூட்டிலிருந்து அதே உப்புக்கோடு. அதையும் தார் பூசி அடைத்தார். ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடம். பட்டறையில் எத்தனையோ ரேடியேட்டர்களோடு மல்லுக்கட்டியவருக்கு, இந்த மரப்பெட்டி தம்மைக் கிண்டல் செய்கிறது என்றே தோன்றியது. கோபத்தில் ஒரு நாள் திருப்புளியை அதன் மேல் வீசி எறிந்துவிட்டு, பிறகு தாமே போய் எடுத்துவந்தார்.

சாப்பிட்டுவிட்டுத் தெருவே கண்ணயரும் பொழுதில்தான் அந்தச் சத்தம் கேட்கும். கிணற்று ராட்டினம் ஓய்ந்து, காகம் கூட வாயை மூடிக்கொண்ட வெயிலில், வண்டிக்குள்ளிருந்து சளக், சளக் என்று, கட்டிப்போட்ட வள்ளத்தின் விலாவில் அலை தட்டுவது போல மெதுவாக, விடாமல். கூடவே நனைந்த வலையை மூட்டையாகக் கட்டிப் பல நாள் மறந்துவிட்ட வாடை. வெயிலுக்குப் பலகை விரிகிறது என்று சொல்லிக்கொண்டார். வாடைக்கு நோட்டில் எந்தக் காரணமும் எழுதவில்லை.

கடைசியில் தரை ஓட்டைக்கு வந்தார். தேக்குக் கட்டையைச் செதுக்கி ஆப்பாக்கி, தார் தடவி, மேலிருந்து அடித்து இறுக்கினார். காலையில் ஆப்பு வண்டிக்கு அடியில் மண்ணில் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தடியாகச் செதுக்கி மறுபடி அடித்தார். மறுநாளும் மண்ணில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது அதன் தலைப்பக்கம் முழுக்கக் கீறல்கள். மெல்லிய, நெருக்கமான கீறல்கள். நோட்டில் 'எலி' என்று எழுதினார். அந்த எழுத்து கொஞ்சம் கோணிப்போயிருந்தது. மூன்றாவது ஆப்பை அடித்துவிட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஓட்டைக்கு நேராக இரும்புத் தகட்டை வைத்து நாலு போல்ட் முடுக்கினார். நாலாவது போல்ட்டின் முனையைச் சுத்தியலால் நசுக்கியும் விட்டார்.

"இனிமே எவன் கழட்டுறான்னு பாப்போம்!"

மறுநாள் தரை காய்ந்திருந்தது. கைக்குட்டையால் மூலைமூலையாகத் துடைத்துப் பார்த்தார். ஈரமில்லை, வாடையில்லை. நோட்டில் பன்னிரண்டையும் அடித்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தால் ஜீப் வந்து வண்டியை இழுத்துப் போகும். கடைசியாக ஒரு சோதனை மட்டும் பாக்கி. வெளியே தண்ணீர் ஊற்ற வேண்டும், உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறையில் அப்படித்தான் செய்வார்கள்.

"நானே உக்காந்து பாக்குறேங்க. என் கட்டில்தானே" என்றாள் ஜோசெஃபின். ஜெபமாலையோடு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, படியில் ஏறினாள். "உள்ள சில்லுன்னு இருக்குங்க" என்று சிரித்தாள். அவர் கதவைச் சாத்தினார். புது ரப்பர் பொருந்தி அழுந்தியது.

ஒரு வாளி கூரையில் ஊற்றினார். "ஒழுவுதா?"

"இல்லீங்க!"

ஜன்னல் மேல் ஒரு வாளி. மூட்டு மேல் ஒரு வாளி. கிணற்றுக்கும் வண்டிக்குமாக மூச்சு வாங்க நடந்தார். மனசுக்குள் இளமை திரும்பியிருந்தது.

"இப்ப?"

"ஒரு சொட்டுகூட ஒழுவலீங்க!"

ஆறாவது வாளிக்குப் போனபோது அவள் குரல் வேறுமாதிரி வந்தது. "ஏங்க... கால் நனையுதுங்க."

"எங்கேருந்து? மேலயா? ஜன்னலா?"

"மேல இல்லீங்க."

எரிச்சல் தலைக்கேறியது. வாளியை வீசிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். தகடு எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. சொட்டு இல்லை, கசிவு இல்லை. பிறகு எங்கிருந்து நனையும்? கையூன்றி வெளியே நகரப்போனவர் பாதியில் நிறுத்தினார்.

தகட்டுக்கு மேலே, பலகையின் மறுபக்கம், யாரோ சுரண்டினார்கள்.

விரல்கள். நிறைய விரல்கள்.

உப்புக்கோடுகள் எல்லாம் வெளிச்சுவரில்தான் இருந்தன. ஆப்பு ஒவ்வொரு முறையும் வெளியேதான் விழுந்தது. கதவு வெளிப்பக்கம்தான் அடித்துத் திறந்தது. தண்ணீர் எந்த நாளும் உள்ளே வரவில்லை. உள்ளேயே ஊறி, வெளியே போய்க்கொண்டிருந்தது. போகிற வழியை எல்லாம் அவர்தான் அடைத்தார்.

"ஜோசெஃபின்!"

கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்பக்கம் திறக்க வேண்டிய கதவு. அசையவில்லை. உள்ளிருந்து ஏதோ முழுப் பாரமாகச் சாய்ந்திருந்தது. ஜன்னலுக்கு ஓடினார்.

கண்ணாடியின் மேல் விளிம்பு வரை கலங்கிய பச்சைத் தண்ணீர். அதில் கட்டில் மிதந்தது. அவளுடைய நரைத்த முடி மெதுவாக விரிந்து ஆடியது. தரையில் மண்டியிட்டிருந்தாள். ஒரு வருடமாக மடங்காத இடது கால் மடங்கியிருந்தது. ஒரே இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் தனியாக இல்லை. சுற்றிலும் நாலு முதுகுகள். குனிந்த, கறுத்த, சதை தொங்கும் முதுகுகள். தோளோடு தோள்.

பத்துக் கைகள்.

ஸ்பானரால் கண்ணாடியில் அடித்தார். பஸ் கண்ணாடி. கீறல்கூட விழவில்லை. ஓடி வந்து அடியில் விழுந்தார். ஒரு போல்ட். இரண்டு. மூன்று. நாலாவது வரவில்லை. அவர் நசுக்கிய போல்ட். தகட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். அது ஒற்றைப் போல்ட்டில் ஒரு பக்கமாகத் திரும்பியது.

ஆப்பு தெரிந்தது. திருப்புளியால் குத்தினார். அது கீழே விழவில்லை. மேலே போயிற்று. உள்ளிருந்து யாரோ பிடுங்கினார்கள்.

இனித் தண்ணீர் கொட்டும் என்று முகத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். "வாம்மா. வந்துடும்மா" என்று உதடு முணுமுணுத்தது.

ஓட்டையில் ஒரு விரல் இறங்கியது. ஊறி வெளுத்த விரல். கல்யாணத்தன்று கோவிலில் அவர் போட்ட மோதிரம் அதில் இருந்தது. பிடித்துக்கொண்டார். அதுவும் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஒரே ஒரு கட்டைவிரல் மட்டும் நுழையும் அந்த ஓட்டையில், அவள் விரலை ஒட்டி இன்னொரு விரல் இறங்கியது. நகமில்லாத விரல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. பலகை இளகி வழிவிட்டது. எல்லாம் அவருடைய மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக இறுக்கின.

ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.