காயாத மண்

ஆறாம் நாளும் பொம்மை காயவில்லை.

அறுபத்தொன்றாம் வருடச் சித்திரை அது. சூரமங்கலத்து ரயில்வே லைன் வீடுகளின் ஓடுகளைக் காய்ச்சி எடுத்த வெயிலில், கொடியில் போட்ட துணி பத்தே நிமிடத்தில் மொடமொடத்துப் போகும். பச்சை மண் ஒரே நாளில் வெடித்திருக்க வேண்டும். இன்பமேரி மூலையில் குந்தி, முழ உயரமிருந்த அந்த மண் உருவத்தின் வயிற்றில் விரல் வைத்தாள். விரல் உள்ளே போயிற்று. எடுத்தபோது நகக்கண்ணில் சேறு. பாசியும் மீனும் கலந்த ஏரி வாடை எழுந்து, சுவரில் மாட்டியிருந்த சேசுவின் திரு இருதயப் படம் வரை அறையை நிறைத்தது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

எட்டு வருடமாக அவளுக்கு ஒரு நோய். காய்ச்சல் இல்லை, புண் இல்லை. விடிந்தால் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான். மார்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி கனக்கும். சுவரைப் பார்த்துப் படுத்தால் பொழுது சாய்வதுகூடத் தெரியாது. ரயில்வே டாக்டர் டானிக் கொடுத்தார். ராசிபுரத்து வைத்தியர் தலைக்குத் தைலம் கொடுத்தார். வேளாங்கண்ணிக்குப் போய் நேர்த்திக்கடன் செலுத்தினார்கள். மதராசில் ஓர் ஆஸ்பத்திரியில் தலைக்குக் கரண்டு வைத்ததில் ஒரு மாதம் தெளிந்தாள். பிறகு அதே கட்டில், அதே சுவர். மறுபடி வரச் சொன்னார்கள். போவதற்கு விற்க வீட்டில் அண்டாகூட மிச்சமில்லை. லைன் வீட்டுப் பெண்கள் மட்டும் இலவசமாக வைத்தியம் சொன்னார்கள்: "குனிஞ்சு வேல செஞ்சா எல்லாஞ் சரியாப் போயிரும்." ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பக்கத்து வீட்டு மயிலம்மாள்தான் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் மந்திரிக்கும் அத்தாயியைப் பற்றிச் சொன்னாள். காணிக்கை ஒரு படி கேழ்வரகு, வேறொன்றும் வாங்கமாட்டாள். அத்தாயி இன்பமேரியின் தலையில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரையும் அவள் வாரிப்போட்ட முடியையும் ஏரி வண்டலில் சேர்த்துப் பிசைந்து, கண் மூக்கு வாய் வைக்காமல் ஓர் உருவம் பிடித்தாள்.

"ஒம்பது நாளு ஊட்டுல வெச்சு, மனசுல இருக்கறத எல்லாம் இதுகிட்டச் சொல்லு சாமி. ஒம்பதாம் நாளு கொண்டாந்து ஏரில உட்ருங்க. உன் பாரத்தோட கரைஞ்சு போயிரும்" என்றாள். பிறகு இன்பமேரியின் புருஷன் சின்னப்பராஜைப் பார்த்துச் சொன்னாள்: "பேரு மட்டும் வெக்காதீங்க. பேரில்லாததுதான் கரையும்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை செய்தது. மூன்றாம் நாள் தானாக எழுந்து தலை வாரினாள். ஐந்தாம் நாள் பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கேட்டு வாங்கிக் கடித்தாள். நாக்கில் உறைத்தது. உறைத்த சந்தோஷத்தில் அழுதே விட்டாள். இன்னும் நிறைய நாள் இருக்க வேண்டும் என்ற ஆசை எட்டு வருடத்தில் முதல் முறையாக வந்தது. ஆசை வந்த பிறகுதான் பயமும் வந்தது.

ஏழாம் நாள் காலை மயிலம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று தரம். இன்பமேரி துணி உதறிக்கொண்டே இருந்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்றுதான் பட்டது.

"நல்லாயிட்டதும் திமிரப் பாரு" என்று மயிலம்மாள் முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே வந்தால், சுவரைப் பார்த்து வைத்திருந்த பொம்மை வாசலைப் பார்த்து நின்றது. வழவழப்பாக இருந்த முகத்தில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன.

சாயங்காலம் ஷண்டிங் வேலை முடிந்து சின்னப்பராஜ் வந்ததும் கேட்டாள். "ஏனுங்க, இதை நீங்க தொட்டீங்களா?"

அவன் கால் கழுவினான். கழுவிய காலையே மறுபடி கழுவினான். "நாலாம் நாளு நீ தூங்கறப்ப ஞானஸ்நானம் குடுத்தேன்" என்றான்.

சாகக் கிடக்கும் சிசுவுக்குச் சாமியார் வரும்வரை காத்திராமல் யாரும் தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்கலாம் என்று கோயில் உபதேசியார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். லைன் வீடுகளில் இரண்டு குழந்தைகளுக்கு அவனே ஊற்றியிருக்கிறான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சேசு படம் மாட்டின ஊட்டுல இதை வெச்சுக்கிட்டு எப்படிப் படுக்கறது? தண்ணி ஊத்துனா பேரு சொல்லோணுமில்ல. வேற பேரு வாயில வரல. உன் பேரைத்தான் சொன்னேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். இன்பமேரி அவன் கையைப் பிடித்தாள். "என் பேரு அதுக்குப் போயிருச்சுன்னா எனக்கு என்னங்க இருக்குது? இப்பவே கொண்டுபோய் அந்தம்மாகிட்டக் கேளுங்க."

"எட்டு வருசமா உனக்காக ஓடின காலு இது" என்றான். "ஒம்பது நாளுன்னா ஒம்பது நாளு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கொண்டு போறேன். பேசாமப் படு."

எட்டாம் நாள் மத்தியானம் அவன் வேலைக்குப் போயிருந்தான். அனலுக்குப் பயந்து சன்னலைச் சாத்தியிருந்தாள். ரயில் யார்டில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் சுவர் வழியாக வந்து, தரையில் இறங்கி, அவள் உள்ளங்காலில் அதிர்ந்தது. அதற்குப் பின்னாலேயே மூலையில் எதுவோ சொத்துச் சொத்தென்று அசைகிற ஓசையும் கேட்டது. ஏரி வாடை தொண்டை வரை இறங்கியிருந்தது. தாகம். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். தொண்டை நனையவில்லை. உதட்டைத் துடைத்தாள். புறங்கையில் சேறு.

முழங்கை அரித்தது. சொறிந்தாள். சாம்பல் நிறத் தூள் உதிர்ந்தது.

உள்ளங்கையைப் பார்த்தாள். ரேகை இல்லை.

ஜெபம் சொல்லப் பார்த்தாள். மாதாவின் பெயர் வந்தது. புருஷன் பெயர் வந்தது. தன் பெயர் வரவில்லை. நாக்கு அதைத் தேடித் தேடி வெறும் வாயில் புரண்டது.

கதவு. நாலு எட்டுதான். எழுந்தாள். முட்டி மடங்கவில்லை. கணுக்காலில் வெடிப்பு ஓடிற்று. மூலைச் சுவரில் சாய்ந்தாள். தண்ணீர்க் குடம் அவளைவிட உயரமாக நின்றது.

கத்த நினைத்தாள். வாய் இல்லை.

கண்ணும் இல்லை. ஆனாலும் தெரிந்தது. மூலையிலிருந்து கட்டில் வரை ஈரக் கால் தடம். கட்டிலில் ஒருத்தி படுத்திருந்தாள். அவள் சேலை. அவள் பின்னல். சுவரைப் பார்த்து.

பொழுது சாய்ந்ததும் சின்னப்பராஜ் வந்தான்.

"இன்பமேரி."

"ம்" என்றது கட்டில்.

எட்டு வருடம் பார்த்துச் சலித்த அதே முதுகை அவன் வாசலில் நின்றபடி பார்த்தான். "மறுபடியுமா" என்றான். குரலில் இரக்கம் தீர்ந்து போயிருந்தது. அப்புறம் மூலைக்கு வந்து, குனிந்து, விரலால் தட்டினான். "இது இன்னிக்குத்தான் காஞ்சிருக்குது."

நான்தான். இங்கேதான் இருக்கிறேன். அவள் எப்படிச் சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சைக்கிள் ஹேண்டிலில் பையை மாட்டிக்கொண்டு போனான். பைக்குள் இருட்டு, வெதுவெதுப்பு. வழியில் யாரோ வெங்காயம் தாளிக்கும் வாசனை வந்தது. அவள் மார்மேல் இருந்த கல்லைக் காணோம். அந்த நோய் சுத்தமாகப் போயிருந்தது.

ஏரிக்கரையில் அத்தாயி நின்றாள். பையிலிருந்து எடுத்ததைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "பேரு ஏதும் வெக்கலீங்களே?"

சின்னப்பராஜ் தண்ணீரைப் பார்த்தான். "இல்லீங்க."

"அப்பக் கரைஞ்சிரும் சாமி."

முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றப் பழகிய அந்தக் கைகளால், தலையைத் தாங்கி மெதுவாக அமிழ்த்தினான். கால் விரல்கள் முதலில் போயின. பிறகு முழங்கால். பிறகு இடுப்பு. தண்ணீர் சில்லென்று இருந்தது. அவளுக்குப் பசித்தது.

முகத்தைத் தண்ணீர் மூடியதும் கையை விட்டான். விரலிடுக்கில் ஒட்டிய சேற்றை அங்கேயே அலசினான். அதில் ஒரு நீள முடி சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் உதறினான்.