சரக்கறைக்குள் யாரோ

மாடியில் ரயில் நிற்கவே இல்லை.

வேலை முடிந்து வந்து, வாசலில் குடையை உதறும்போதே அவளுக்கு அது கேட்டது. சின்னச் சக்கரங்கள் சின்னத் தண்டவாளத்தின் இணைப்புகளைத் தாண்டும் கடகடப்பு, வளைவில் ஒரு கீச்சல், பாலத்தில் ஏறியதும் கனத்துவிடும் ஓசை, திரும்பவும் கடகடப்பு. அவள் கணவனுக்குப் பொம்மை ரயில் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். ஆனால் அவன் ரயிலை ஓட்டி ரசிக்கிறவன் இல்லை. சிக்னல் கம்பத்துக்குச் சாயம் பூசுவான், டீ வடிகட்டியில் மணலைச் சலித்துத் தண்டவாளத்துக்குச் சரளை போடுவான், ஒரு சுற்று விட்டுப் பார்ப்பான், மோட்டார் தேய்ந்துவிடும் என்று உடனே அணைத்துவிடுவான். விருந்தாளி வீட்டுக் குழந்தைகள் காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் இரண்டாவது சுற்று கிடைக்காது. அப்பேர்ப்பட்ட கஞ்சன், இந்த வாரம் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் ரயிலை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடக் கீழே வரும்போதும் அது மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மோட்டார் தேயாதா?" என்று நேற்று கேட்டாள்.

"தேஞ்சா தேயட்டும்," என்றான், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தான். அவள் அதைச் சொன்னபோது சிரிக்கக்கூட இல்லை.

மாடி அறையை முக்கால்வாசி அடைத்திருந்த மேசையில் மலை அவனுடையது, சுரங்கப்பாதை அவனுடையது, ஸ்டேஷனும் கூட்ஸ் யார்டும் அவனுடையவை. கடல் மட்டும் அவளுடையது. ஓரத்துப் பலகைக்குக் கரும்பச்சை பூசி, மேலே ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, அது இறுகுவதற்குள் தூரிகையால் தட்டித் தட்டி அலை எழுப்பியவள் அவள். பல் கட்டும் லேபில் அவளுக்கு வேலை. கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளத்தை மெழுகில் செதுக்கிப் பழகிய கைக்குக் கப்பல் ஒன்றும் பெரிய காரியமில்லை. "ஊரார் வாய்க்குள்ள போறதையே செஞ்சு அலுத்துப்போச்சு. வெளிய தெரியற மாதிரி ஒண்ணு செய்யறேனே," என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். முதலில் ஒரு இழுவைப் படகு. பிறகு மணல் தோணி. அதன்பின் பல மாதம் எடுத்துக்கொண்டு, முழங்கை நீளத்துக்கு மேல் வரும் அந்தச் சரக்குக் கப்பல்.

அது அவள் தம்பி வேலை பார்த்த கப்பல்.

ஆறடிக்கு வளர்ந்தும் வீட்டில் அவனுக்கு வாண்டு என்றுதான் பெயர். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. துறைமுகம் துறைமுகமாக நின்று படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புவான்: கிரேனுக்குக் கீழே நின்று ஒன்று, சரக்கறை மூடிமேல் சாய்ந்து ஒன்று. கப்பலின் வரைபடம் எங்கே தேடியும் கிடைக்காததால், அவள் அந்தப் படங்களில் தம்பியின் உயரத்தையே அளவுகோலாக வைத்து மற்றதையெல்லாம் கணக்குப் போட்டாள். கிரேன் இத்தனை வாண்டு உயரம். மூடி இத்தனை வாண்டு அகலம். ரயிலுக்கு ஏற்ற அளவுக்குச் சுருக்கியபோது தம்பி அவள் கட்டைவிரலில் பாதிகூட இல்லை.

புயலில் தம்பியோடு அந்த நிஜக் கப்பல் கவிழ்ந்துபோனது. உடனே மூழ்கவில்லை. வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதந்தது. மீட்புப் படகில் போன ஒருவர் துக்கம் கேட்க வந்தபோது, அவளுக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார்: அடித்தகட்டில் காதை வைத்தால் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டதாம். இரும்பு அறுக்கிற கருவி வந்து சேர்வதற்குள் கடல் அதை எடுத்துக்கொண்டதாம். அன்றைக்கே அவள் கணவன் வாசலில் அழைப்பு மணி மாட்டினான். அந்த வீட்டில் அதற்கப்புறம் யாரும் கதவைத் தட்டியதில்லை.

அதனால்தான் அவள் தன் கப்பலைப் பலகையோடு சேர்த்து ஒட்டினாள். நீர்மட்டத்துக்குக் கீழே அதற்கு உடம்பே கிடையாது. தட்டையாக வெட்டி, கடல்மேல் பசை போட்டு, சரக்கறை மூடிகளையும் ஒவ்வொன்றாக ஒட்டி, ஓர் இரவு முழுக்கப் பாரம் வைத்து அழுத்தினாள். உள்ளே பிளாஸ்டிக் விலா எலும்புகள், காற்று, வேறொன்றுமில்லை.

"இது இனிமே கவிழாது," என்று கணவனிடம் சொன்னாள். அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் ரயில் ஓடிக்கொண்டேயிருந்தது.

டீயைக் கலந்து எடுத்துக்கொண்டு அவள் மாடி ஏறினாள். பொழுது இன்னும் சாயவில்லை என்றாலும் மழை வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருந்தது. படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு வாடை. அந்த அறைக்கு உரிய பெயின்ட் வாடையோ பசை வாடையோ இல்லை. நனைந்த கயிறு, துருப்பிடித்த இரும்பு, பழைய எண்ணெய், இவற்றுக்கெல்லாம் அடியில் நெடுநாள் அடைத்துக் கிடந்த ஓர் இடத்தைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, அந்தக் காற்று.

கணவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை ரயிலின் வேகத் திருகில். கண் ரயிலில் இல்லை, கப்பலில். அவள் வந்ததைப் பார்த்ததும் திருகை இன்னும் கொஞ்சம் முடுக்கினான்.

மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

"ஒழுகுதா?" அவள் கூரையைப் பார்த்தாள். வெள்ளைச் சுண்ணாம்பு, ஒரு திட்டுக்கூட இல்லாமல் காய்ந்திருந்தது.

"ஆமா... லேசா."

அவள் குனிந்தாள். வாளி பாதி நிறைந்திருந்தது. மேசையின் அடிப்பலகையில், சரியாகக் கப்பல் நிற்கிற இடத்தில், ஒரு நீளமான ஈரம். அதன் விளிம்பில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுந்தது. ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"ஏங்க, இது உப்பு."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

ரயில் இரண்டு பெட்டி தூரம் வழுக்கிக்கொண்டு போய், நின்றது. கீழே ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. மழை ஒரே சீராக ஜன்னலில் இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் சத்தம்.

கணவன் துள்ளி எழுந்தான். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. "கீழ போலாம் வா," என்றான், தேவைக்கு மேல் சத்தமாக. "வா வா வா. டீ ஆறிடும். இன்னிக்கு லேப்ல என்ன ஆச்சுன்னு சொல்லு. சொல்லேன், ஏதாவது பேசேன்!" கையைப் படபடவென்று தட்டினான். இருமினான். வாழ்நாளில் ஒரு பாட்டை முழுசாக முணுமுணுத்தறியாதவன் ஏதோ ஒரு மெட்டை உரக்க இழுத்தான். இருட்டிக்கொண்டு வந்த அந்த அறையில் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

அவன் மூச்சு வாங்க நிறுத்தினான். அந்த இடைவெளியில் அது கேட்டது.

டக்.

மிக மெல்ல. நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டினால் வருமே, அந்த அளவு.

டக். டக்.

"பசை இறுகுது," என்றாள் அவள். தன் குரல் எங்கோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருந்தது. "ஈரத்துல பலகை விரியும்ல. அதான்."

"நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்." அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "என் பொழைப்பே லிஃப்ட்டு ரிப்பேரு. நடுவுல மாட்டிக்கிட்டு உள்ளேர்ந்து தட்டறவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கிழவனாயிட்டு இருக்கேன். இரும்பு தானா சத்தம் போட்டா ஒரு மாதிரி இருக்கும். ஆள் தட்டினா வேற மாதிரி. ஆள் தட்டுவான், அப்புறம் நிறுத்துவான். பதில் வருதான்னு காது கொடுப்பான்."

சத்தம் நின்றிருந்தது.

"நீ கேட்டுடக் கூடாதுன்னுதான் ரயிலை விட்டுட்டே இருந்தேன்," என்றான்.

அவள் அவன் கையை விலக்கிவிட்டு மேசையருகே போனாள். ஃபோன் வெளிச்சத்தில் கப்பல் தெரிந்தது. அவள் பூசிய துரு, அவள் முறுக்கிய கம்பி, அவள் நூலால் கட்டிய கிரேன் வடங்கள். கப்பலின் பக்கச்சுவரில் வியர்த்திருந்தது. விரல்நுனியை அதன்மேல் வைத்தாள். குளிர். பிளாஸ்டிக்கின் குளிர் அல்ல, ஆழத்தின் குளிர்.

டக். இந்த முறை விரலிலேயே உணர்ந்தாள்.

சின்ன வயதில் அவர்கள் இருவரையும் அப்பா சண்டைக்குத் தண்டனையாகத் தனித்தனி அறையில் போட்டுப் பூட்டுவார். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரில் அவள் இரண்டு முறை வேகமாகத் தட்டுவாள், கொஞ்சம் விட்டு ஒன்று. அழறியா என்று அர்த்தம். அவன் ஒன்று தட்டி, கொஞ்சம் விட்டு, வேகமாக இரண்டு தட்டுவான். இல்லை, போடி என்று அர்த்தம். அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. கட்டின கணவனிடம்கூட அவள் சொன்னதில்லை.

"என்ன பண்றே?"

அவள் நகத்தால் கப்பலைத் தட்டினாள். டக்டக். டக்.

மழை. மேசைக்கு அடியில் வாளிக்குள் ஒரு துளி விழுந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டக். டக்டக்.

அவள் வாயிலிருந்து வந்தது அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் புரியவில்லை. "வாண்டுங்க. வாண்டு! எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் அது தெரியும்." கருவிப்பெட்டியைக் கவிழ்த்தாள். தூரிகைகள் உருண்டன. மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்தாள்.

"வேணாம்மா. சொன்னாக் கேளு, திறக்காதே."

"அன்னிக்கும் எல்லாரும் கேட்டுட்டு சும்மா நின்னாங்க. நானும் நிக்கணுமா?"

"உள்ள இருக்கறது அவன்தானான்னு எப்படித் தெரியும்?"

"பதில் சொன்னானே! நீங்களும் கேட்டீங்கல்ல?"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். கை தானாக விட்டுவிட்டது.

நடு மூடி. கத்தியின் முனையை அதன் விளிம்பில் செருகினாள். அவளே போட்ட பசை, அவளே வைத்த பாரம். கத்தி வழுக்கி விரலைக் கிழித்தது, பார்க்கவில்லை. உள்ளே தட்டல் வேகமெடுத்தது. சீக்கிரம். சீக்கிரம். "இதோ, இதோடா, வந்துட்டேன்." ஒரு மூலை எழும்பியது. பெருமூச்சுபோல ஒரு காற்று வெளியே வந்தது. நனைந்த கயிறு, எண்ணெய், அப்புறம் வேறொன்று, அவள் பெயர் சொல்ல விரும்பாத ஒன்று. தீப்பெட்டி அளவுள்ள அந்த மூடி கழன்று கடலில் விழுந்தது.

வெளிச்சத்தை உள்ளே காட்டினாள்.

பிளாஸ்டிக் விலா எலும்புகள் இல்லை. பலகை இல்லை. கறுப்பு. ஃபோனின் வெளிச்சம் கிணற்றுக்குள் போவதுபோல் இறங்கி, எதையும் தொடாமல் தீர்ந்துபோனது. வெகு கீழே தண்ணீர் எதிலோ மோதுகிற ஓசை.

"வாண்டு?"

தட்டல் நின்றது.

பிறகு ஏதோ மேலே வந்தது. அவள் கட்டைவிரலில் பாதியளவு ஓர் ஆளை அவள் கண் தேடிக்கொண்டிருந்தது. வந்தது ஒரு விரல். முழு விரல். வளர்ந்த ஆணின் விரல், வெளுத்து, நீரில் ஊறி, தோல் சுருங்கி, நகத்துக்குள் கறுப்பு எண்ணெய். அந்தச் சின்னத் திறப்பின் வழியாக முதல் கணு வரை வந்தது, இரண்டாம் கணு வரை வந்தது. வளைந்தது. தளத்தைத் தடவியது. கிரேனில் பட்டு, கிரேன் முறிந்தது.

"கையை எடு!" கணவன் கத்தினான். "கையை எடுடி!"

அவள் எடுக்கவில்லை. தன் சுட்டுவிரலை நீட்டினாள். அது தொட்டது. தயங்கியது. பிறகு, ரோடு தாண்டும்போது பிடித்துக்கொள்கிற குழந்தைபோல, அவள் விரலைக் கொக்கி போட்டு வளைத்துக்கொண்டது.

"பாத்தீங்களா," என்றாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அவன்தான்."

டக்டக். டக்.

சத்தம் அந்த விரலிலிருந்து வரவில்லை. அது அவளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. சத்தம் கப்பலின் முன்பக்கத்து மூடியிலிருந்து.

டக்டக். டக். பின்பக்கத்து மூடி.

அதற்கடுத்த மூடி. எல்லா மூடிகளும். ஒன்றன்மேல் ஒன்றாக, அவசர அவசரமாக. அவளும் தம்பியும் மட்டும் அறிந்த அதே தட்டல். அழறியா. அழறியா. அழறியா.

அவள் விரலை இழுத்தாள். வரவில்லை. கணவன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். மேசை நகர்ந்தது. மலை சரிந்தது. ரயில் பெட்டிகள் தரையில் சிதறின. பிடி மட்டும் தளரவில்லை. அது இறுகியது, கீழே இழுத்தது, அவள் விரலின் முதல் கணு மூடியின் விளிம்பைத் தாண்டி அந்தக் குளிருக்குள் இறங்கியது. உள்ளே, வேறு விரல்கள் அதைத் தொட்டுப் பார்த்தன.

மற்ற மூடிகள் ஒவ்வொன்றாக உயர ஆரம்பித்தன.