மூன்று நிமிட வெளிச்சம்

படத்தில் ஓர் ஆள் நின்றிருந்தார்.

லாபு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயத்தைப் பராசக்தி படமெடுத்தபோது அங்கே யாரும் இல்லை. மலாயாவில் அவசரகாலம் தொடங்கியபின் குடும்பங்களையெல்லாம் முள்கம்பி வேலிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஆனாலும் லோபாக் ஸ்டூடியோவின் இருட்டறையில், மருந்தின் புளித்த நெடியும் ஈரச் சிமெண்டின் வாடையும் மூச்சை அடைக்க, சிவப்பு விளக்கின் கீழ் மெல்ல மேலெழுந்த தாளில், ஏழாம் வீட்டு வாசலில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். பராசக்தி தாளை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தபடி அந்தத் தோள்களையே பார்த்தாள். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. பன்னிரண்டு வருடம் கேமராப் பெட்டி சுமந்த தோள்.

அவள் கணவர் சிவானந்தன் எட்டு மாதத்துக்கு முன் அதே லயத்தைப் படமெடுக்கப் போனவர். திரும்பவில்லை. காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்கள் பிடித்துப் போய்விட்டார்கள் என்றார்கள். கேமரா மட்டும் வீடு வந்தது. அன்றிலிருந்து அவள் நெற்றிப் பொட்டை அழிக்கவும் இல்லை, தயங்காமல் வைக்கவும் இல்லை.

கட்டடத்தை எடுக்கும்போது ஆட்களை விரட்ட வேண்டியதில்லை. லென்ஸின் துவாரத்தை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கி மூன்று நிமிடம் திறந்து வைத்தால் போதும். நடப்பவர்கள் படத்தில் விழமாட்டார்கள். சுவர் விழும், தூண் விழும். மனிதர்களில், கடைசிவரை அசையாமல் நிற்பவர் மட்டுமே விழுவார்.

மறுநாள் மாலை லயத்தை இடிக்கப் போகிறார்கள். இடிக்குமுன் படம் கேட்டிருந்த தோட்ட மானேஜரிடம், படம் கலங்கிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு அன்று காலையிலேயே போனாள். இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

தோட்டக் காவலன் வீரமுத்து துப்பாக்கியோடு கூட வந்தான்.

"காலி வீட்டுக்கு மூணு நிமிசமாம்மா? என் கல்யாணத்தையே ஒரு சிமிட்டுல எடுத்துட்டான் லா. அதுலயும் நான் கண்ண மூடிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. முக்காலியை விரித்துக் கேமராவைப் பொருத்தினாள். ஏழாம் கதவு மூடிக் கிடந்தது. பால்மரங்களில் எங்கோ ஒரு காய் வெடித்தது. பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்டே. கறுப்புத் துணியை உதறினாள்.

வீரமுத்து பின்வாங்கினான். "அதுக்குள்ள மட்டும் போவாதீங்கம்மா."

"ஏன்?"

அவன் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் ஒதுக்கினான்.

"அண்டைக்கு நீங்கள்தானோ இங்க காவல் நிண்டனீங்கள்?"

"அவரு வர்றத எனக்கு யாரும் சொல்லலம்மா." அவனே குனிந்து காட்டினான். "துணிய போத்திக்கிட்டு ஏதோ ஒண்ணு குனிஞ்சு நின்னுச்சு. முன்னாடி குழாய் மாதிரி நீட்டிக்கிட்டு. மூணு தடவ கூப்பிட்டேன். கைய தூக்குன்னேன். அசையவே இல்ல லா."

அசையமாட்டார். அவளுக்குத் தெரியும். பழைய கேமரா, வெளிச்சம் கசியும். லென்ஸ் திறந்திருக்கும்வரை துணியாலும் தன் உடம்பாலும் அதை மூடிக்கொண்டு நிற்பார். இடியே விழுந்தாலும்.

"அவரை எங்க புதைச்சனீங்கள்?"

வீரமுத்து ஏழாம் கதவைப் பார்த்தான்.

அழுகை வரவில்லை. துணிக்குள் போனாள்.

இருட்டு. புழுக்கம். பின்பக்கக் கண்ணாடியில் லயம் தலைகீழாக விழுந்தது. லென்ஸ் வழியே வருவதெல்லாம் கவிழ்ந்துதான் வரும். வானம் கீழே. படிக்கட்டு மேலே. ஏழாம் கதவு இப்போது திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் மெதுவாக. "படம் கெட்டாலும் பரவாயில்லை. வீட்ட வாங்கோ."

வெளியே வீரமுத்து ஓடும் சத்தம்.

கண்ணாடியில் ஒரு முகம் தெளிந்தது.

கவிழ்ந்திருக்கவில்லை.

நேராக இருந்தது. லென்ஸ் வழியே வந்ததல்ல.

துணிக்குள். அவள் தோளுக்கு மேலே. விரிந்த கண்கள். மண் ஒட்டிய இமைகள். குளிர்ந்த கன்னம் அவள் கன்னத்தில் பட்டது.

அது அசையவில்லை.

அவளும்.