பதினெட்டாம் நம்பர் வேகன்

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததைக்கூட ஹெஸ்டர் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ஸ்டேஷன் தண்டவாளத்தில், அவள் வாழ்க்கைப்பட்ட, கரி வியாபாரம் செய்யும் டக்வெல் குடும்பத்தின் புது நிலக்கரி வேகன் வந்து நின்றிருந்தது. இருப்பதே ஏழு வேகன், இதற்குப் பதினெட்டு என்று நம்பர் போட்டது மாமனாரின் ஜம்பம். அது போகட்டும். நம்பருக்குக் கீழே, வெள்ளை எழுத்தில், 'மேபல்' என்று எதற்கு?

மேபல், கொழுந்தன் பெண்டாட்டி. வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள், ரொட்டி மென்றுகொண்டிருந்த கணவனிடம். "முதல் வேகன் வாங்க எங்கம்மா குடுத்த பியானோவை வித்தேன். பதினாலு வருஷமா வாயைத் திறந்திருப்பேனா? இன்னிக்கு ஊரே அவ பேரைப் பாக்கணுமாம்..."

"அப்பா ஏதோ செஞ்சிருக்கார். எனக்கென்ன தெரியும்," என்று ஆல்பிரட் தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான்.

 அடுப்புக்குப் பூசும் கறுப்பு மையை எடுத்துக்கொண்டு ஹெஸ்டர் நேரே வேகனிடம் போனாள். ஓர் எழுத்து விடாமல் அப்பினாள். அப்பாடா என்றிருந்தது.

"அக்கா! இந்தப் பக்கம் வாங்களேன்!" வேகனுக்கு மறுபுறமிருந்து மேபலின் குரல்.

சுற்றிப் போனாள். கரி அள்ளிப்போடும் அந்தப் பக்கத்தில், 'ஹெஸ்டர்' என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

"சுரங்கத்துல கரி ஏத்துறப்ப வண்டியைத் திருப்பி விட்டுட்டாங்க, படுபாவிங்க," என்றாள் மேபல். "உங்க பேருதான் வீட்டைப் பாத்து வரணும். மாமா என் பேரை மட்டும் போடறேன்னார். நான் விடல. அக்கா பியானோ இல்லாம நமக்கு ஏது வேகன், அவங்க பேரு வீட்டுப் பக்கம், என் பேரு கரி அள்ளுற பக்கம்னு அடம் பிடிச்சேன்... ஏன்க்கா, கையெல்லாம் என்ன?"

ஹெஸ்டர் கையைப் பின்னால் மறைத்தாள். மேபல் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். தன் பேர் இருந்த இடத்தில் ஒரே கறுப்பு.

"நான் என்னக்கா பண்ணேன் உங்களுக்கு?"

"பொறாமைடி. வேற ஒண்ணுமில்ல, வயித்தெரிச்சல்." பின்னாலேயே வந்த ஹெஸ்டர் இடுப்பிலிருந்த வெள்ளை ஏப்ரனை அவிழ்த்து, அந்தக் கறுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணீர் தாரையாக ஓடியது.

"விடுங்கக்கா. மழை பெஞ்சா போயிடும். மாமாகிட்ட சொல்லி வண்டியைத் திருப்பிடலாம்."

"வேண்டாம், இப்படியே நிக்கட்டும். பத்தரைக்கு பாசஞ்சர் இந்தப் பக்கமாத்தான் வருது. எல்லாரும் உன் பேரைப் பாக்கட்டும்."

மேபல் பின்னாலிருந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். ஹெஸ்டர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.