பூனை படுக்காத பெட்டி

"என் முத்திரை உடையவே இல்ல சார். ஆனா உள்ள குண்டு இல்ல. நாளைக்கு என்னைக் கைது பண்ணப் போறாங்க!"

முத்திரைக்காரி துப்பறிவாளரின் எதிரே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு, கலைக்கவேண்டிய அணுகுண்டுகளைப் பெட்டிகளில் பூட்டியிருந்தன. பூட்டின்மேல் மினுக்குத்தூள் கலந்த பசையைப் பூசி உறையவிடுவது அவள் வேலை. தூள் ஒருமுறை சிதறியது போல் மறுமுறை சிதறாது; உடைத்துவிட்டு மறுபடி பூசினால் காட்டிக்கொடுத்துவிடும். இன்று எதிர்நாட்டார் முன்னால் வரிசையின் கடைசிப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வெறும் இரும்பு. ஒப்பந்தம் கிழியாதது ஒன்றுதான் பாக்கி.

"பூசினவங்களுக்கே மறுபடி அதே மாதிரி பூசத் தெரியாதா, அத்தான்?" என்று துப்பறிவாளரின் காதைக் கடித்தான் அவர் மனைவியின் தம்பி. குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் அவன் புயல், தப்பாகக் கண்டுபிடிப்பதிலும்தான்.

"வாயை மூடு மச்சான். முதல்ல கிடங்கைப் பார்ப்போம்."

துணைக்கு வந்திருந்த அளவைக்காரர் எழுந்தார். பெட்டிக்குள் குண்டு இருக்கிறதா என்று கதிர்மானியால் சோதிப்பவர். "தங்கச்சி மாதிரி சார் இவ. எப்படியாவது காப்பாத்துங்க," என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை அவள் அண்ணா என்றுதான் அழைப்பாள். அவர் பக்கத்தில் இருந்ததே அவளுக்குப் பாதித் தெம்பு.

கிடங்கில் பல் கிட்டும் குளிர். எலிக்காகக் காவலர்கள் வளர்க்கும் பூனை, முதல் பெட்டியின் மூடிமேல் மகாராஜா கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் குளிர்ல இரும்பு மேலயா?" என்றார் துப்பறிவாளர்.

"குண்டுக்குள்ள புளூட்டோனியம் இருக்கு சார். எப்பவும் லேசா சூடா இருக்கும். இது பெட்டி மாத்தி மாத்தித் தூங்கும்," என்றாள் முத்திரைக்காரி.

துப்பறிவாளர் லென்ஸை எடுத்து ஒவ்வொரு பூட்டாகக் குனிந்து பார்த்தார். காலியான பெட்டியின் முன் அதிக நேரம் நின்றார்.

"மத்த எல்லாப் பசையிலயும் பூசும்போதே பூனை முடி ஒட்டி உறைஞ்சிருக்கும்மா. இதுல ஒண்ணுகூட இல்ல. மூடியில, இடுக்குல, எங்கயும் இல்ல. இந்தப் பெட்டி மேல பூனை படுத்ததே இல்ல. இது என்னிக்குமே சூடா இருந்ததில்ல. யாரும் உங்க முத்திரையை உடைக்கல. காலிப் பெட்டிக்குத்தான் நீங்க முத்திரை வச்சிருக்கீங்க."

"முடியாது சார். மானியில காட்டினாத்தான் பூசுவோம்."

"மானியை நீங்க பார்த்தீங்களா?"

விதிப்படி இருவரும் பார்க்க வேண்டும். ஆனால் பசை சட்டென்று இறுகும். கலக்கும்போது நிமிர முடியாது. பின்னாலிருந்து ஒரு குரல் 'இருக்கு, பூசு' என்று சொல்லும், அவள் பூசுவாள். எல்லாப் பெட்டிக்கும் அப்படித்தான் நடந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள். "அண்ணா?"

அளவைக்காரர் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கையிலயும் ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்னு மேலிடம் நினைச்சுது. அவங்க மட்டும் ஒளிச்சு வைக்காமலா இருப்பாங்க?"

"ஒளிச்சுக்கோங்க. அதுக்கு நான் எதுக்குண்ணா ஜெயிலுக்குப் போகணும்?" அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். "எத்தனையோ பேர் இருந்தாங்களே. ஏன் நான்?"

"மத்தவங்க மானியைப் பார்ப்பாங்கம்மா," என்றார் அவர். "நீ என் பேச்சை நம்புவே. அதனாலதான் உன்னையே கேட்டு வாங்கினேன்."